கரையில் ஒரு கொடி

நாமக்கல் பக்கத்துக்காரன் கடலைப் பற்றி எழுதுவதாவது என்று நண்பர்கள் சிரிக்கலாம். சிரிக்கட்டும். எங்கள் சீமையில் கல்மலை உண்டு, செம்மண் காடு உண்டு, காவேரி உண்டு; கடல் மட்டும் கிடையாது. எந்தத் திசையில் புறப்பட்டாலும் அலையைக் கண்ணால் பார்க்க அரை நாளாவது பிரயாணம் செய்ய வேண்டும். ஆனால் தண்ணீரின் முகத்தைப் பார்த்து, இன்றைக்கு இறங்கலாமா கூடாதா என்று தீர்மானிக்கும் வித்தை எங்களுக்கும் தெரியாததல்ல. கொல்லிமலை உச்சியில் மேகம் குல்லாய் போட்டால் கேழ்வரகைக் களத்திலிருந்து அள்ளிவிடுவோம். பரமத்தி வேலூரிலும் மோகனூரிலும் பரிசல்காரன் துறையில் நின்று ஆற்றை ஒருமுறை பார்ப்பான். நுரையும் செத்தையும் கலந்து நீர் செம்மண் நிறத்தில் வந்தால், சந்தைக்குப் போக வந்த ஜனங்களைப் பார்த்து, ‘இன்னைக்கு இல்லீங்க’ என்று பரிசலைக் கவிழ்த்துப் போட்டுவிடுவான். அவனிடம் யாரும் வாதாடுவதில்லை.

இந்தப் பரிசல்காரனுக்கு ஓர் அண்ணன் சென்னைக் கடற்கரையில் இருந்தான். இருநூறு வருஷங்களுக்கு மேல் இந்த ராஜதானியின் வாசற்படியே அவன் தோளில்தான் இருந்தது. கவர்னர்களும் கலெக்டர்களும் அவன் தயவில்தான் தமிழ் மண்ணை மிதித்தார்கள். அவனுடைய கதையையும், அவன் பக்கத்தில் சர்க்கார் நாட்டிய ஒரு கொடியின் கதையையும்தான் இங்கே சொல்லப் போகிறேன்.

சென்னையைப் போல் கப்பலுக்கு உதவாத இடம் கிடைப்பது அரிது. 1639-ல் கிழக்கிந்தியக் கம்பெனியார் இந்த இடத்தைப் பெற்றபோது இங்கே விரிகுடா கிடையாது. கப்பல் ஒதுங்குவதற்கு முனை கிடையாது. உள்ளே நுழைய ஆழமான ஆறும் கிடையாது. கோடு போட்டாற்போல் நேரான மணற்கரை. கப்பல்கள் கரைக்கு ஒரு மைல், இரண்டு மைல் தள்ளி, திறந்த கடலில் நங்கூரம் போட்டு நிற்கும். கரைக்கும் கப்பலுக்கும் நடுவில் இருந்தது அலை.

அலை என்றால் கால் நனைக்கும் அலை அல்ல. தெற்கே, பூமத்திய ரேகைக்கும் அப்பால், இந்து மகாசமுத்திரத்தின் அடிவயிற்றில் எங்கோ புயல் அடிக்கிறது. அங்கே கிளம்பும் வீக்கம் ஆயிரக்கணக்கான மைல் தூரம், களைப்பில்லாமல், சத்தமில்லாமல் பிரயாணம் செய்து வருகிறது. நடுக்கடலில் அது கப்பலைத் தாலாட்டுவதோடு சரி. கரை நெருங்க நெருங்கத் தரை மேலே வருகிறது, அலையின் அடிப்பாகம் தரையில் உராய்ந்து தயங்குகிறது, தலைப்பாகம் தயங்குவதில்லை. தண்ணீரின் ஆழம் அலையின் உயரத்தைவிடச் சற்றே அதிகம் என்ற அளவுக்கு வந்ததும், அலை தன் காலையே தட்டிக்கொண்டு குப்புற விழுகிறது. சென்னைக் கரையில் இப்படி ஒன்றன்பின் ஒன்றாகப் பல வரிசைகள். உள்ளூரில் ஒரு காற்றும் இல்லாத நாளில்கூட இந்த அலை வரும். புதிதாக வந்த வெள்ளைக்காரனுக்கு இதுதான் புரியாது: ‘வானம் நிர்மலமாக இருக்கிறதே, ஏன் இறங்கக்கூடாது?’

அவனுக்காகத்தான் கொடி. கோட்டைக்கு வடக்கே, படகுத் துறைக்கு அருகில் ஒரு கடற்கரைக் காரியாலயம் இருந்தது. துறைமுகம் இல்லாத அந்தத் துறைமுகத்தின் அதிகாரிக்கு ‘மாஸ்டர் அட்டெண்டெண்ட்’ என்று பெயர். அலை அபாயமாக இருக்கும்போது அங்கே ஒரு கொடி ஏறும். கப்பலில் இருப்பவர்கள் தூரதிருஷ்டிக் கண்ணாடி வைத்துப் பார்த்துக்கொள்ள வேண்டியது. கொடி பறக்கிறதா, இன்றைக்கு இறங்க வேண்டாம். ஆறு மாத காலம் கப்பலில் உப்புக் கண்டம் தின்று வந்த பிரயாணி, கண்ணெதிரே தென்னை மரத்தையும் வெள்ளை மாளிகைகளையும் பார்த்துக்கொண்டு, இன்னும் ஒரு நாள், இரண்டு நாள் என்று நங்கூரத்தோடு ஆடிக்கொண்டு கிடப்பான்.

வருஷத்துக்கு ஒரு பெரிய அறிவிப்பும் இருந்தது. அக்டோபர் நடுவில் கோட்டைக் கொடிமரத்தை இறக்கிவிடுவார்கள். வடகிழக்குப் பருவக் காற்று வரப் போகிறது, ரேவில் நிற்கும் கப்பல்கள் எல்லாம் எங்காவது பிழைத்துப் போங்கள் என்று அர்த்தம். டிசம்பர் நடுவில் மறுபடி கொடிமரம் ஏறும். நம்முடைய ஐப்பசி, கார்த்திகையைத்தான் அவர்கள் அப்படி மரத்தால் எழுதினார்கள். எழுதியதற்குக் காரணம் உண்டு. 1746-ல் பிரெஞ்சுத் தளபதி லா பூர்தொன்னே சென்னையைப் பிடித்தான். பிடித்தவன் பேரம் பேசிக்கொண்டு அக்டோபர் வரை ரேவில் தங்கினான். ஓர் இரவுப் புயல் அவனுடைய கப்பற்படையைச் சின்னாபின்னமாக்கி, ஆயிரம் பேருக்குமேல் கடலில் கொண்டுபோயிற்று. இங்கிலீஷ்காரர்களின் பீரங்கி செய்ய முடியாததை ஐப்பசி மாதம் ஒரே ராத்திரியில் செய்துவிட்டது. டூப்ளேயின் கனவு கலைந்ததற்குச் சரித்திரப் புஸ்தகங்கள் பல காரணங்கள் சொல்லும்; இந்த இரவைப் பற்றி ஒரு வரியோடு நிறுத்திக்கொள்கின்றன. இன்னும் இரண்டு வரி எழுதியிருக்கலாம் என்பது என் அபிப்பிராயம்.

இனிப் படகுக்கு வருவோம். கப்பலோடு வந்த ஐரோப்பியப் படகுகள் இந்த அலையில் செல்லாது. அவற்றுக்கு அடியிலே கட்டை, உள்ளே விலா, பலகைக்குப் பலகை இரும்பாணி. முறுக்கான சாமான். அலை தூக்கி மணலில் ஒரு போடு போட்டால் ஆணி பிடுங்கிப் பலகை பிளக்கும். நம்முடைய மசூலாப் படகில் ஆணியே கிடையாது. மெல்லிய பலகைகளைத் தேங்காய் நார்க் கயிற்றால் துணி தைப்பதுபோல் தைத்து, இடுக்கில் வைக்கோலை அடைத்திருப்பார்கள். உள்ளே விலா எலும்பும் கிடையாது. அலை அடித்தால் படகு நெளியும். தரையில் மோதினால் வளைந்து கொடுத்துவிட்டு மறுபடி தன் உருவத்துக்கு வரும். புதுச்சேரிப் பக்கத்தில் இதற்குச் சலங்கு என்று பெயர். தண்ணீர் கசியத்தான் செய்யும்; இறைத்துக் கொட்ட ஆள் இருப்பான். எங்கள் ஊர்ப் பரிசலும் இதே சாஸ்திரம்தான். மூங்கிலைப் பின்னித் தோலைப் போர்த்திய அந்தக் கூடை, பாறையில் மோதினால் முதுகைச் சுருட்டிக்கொள்ளும், உடையாது. எதிர்த்து நிற்காமல் இணங்கிப் போய்ப் பிழைக்கிற இந்த யுக்தியைக் கடலோரத்தானும் ஆற்றோரத்தானும் ஒருவரை ஒருவர் கேட்காமலே கண்டுபிடித்திருக்கிறார்கள்.

பத்துப் பன்னிரண்டு பேர் நீளத் துடுப்புகளோடு உட்காருவார்கள். பின்னால் தண்டேல் நிற்பான். எல்லாம் அவன் கையில். அலைகள் ஒரே சீராக வருவதில்லை. பெரியவை சில சேர்ந்து வரும், பிறகு கொஞ்சம் ஓய்வு, மறுபடி பெரியவை. தண்டேல் வெளி அலைக்கு அப்பால் படகை நிறுத்திவிட்டுத் திரும்பித் திரும்பிக் கடலைப் பார்ப்பான். பிரயாணிக்கு உயிர் போய் உயிர் வரும். திடீரென்று ஒரு கூச்சல். பன்னிரண்டு துடுப்பும் ஒரே பாட்டுக்கு விழும். அலையின் முதுகில் ஏறிப் படகு பாயும். அடுத்தது முறிவதற்குள் அதைத் தாண்ட வேண்டும். பக்கவாட்டில் திரும்பினால் தீர்ந்தது. கடைசியில் மணலில் மோதி நின்றதும், படகோட்டிகள் துரைகளையும் துரைசானிகளையும் தோளிலோ நாற்காலியிலோ தூக்கிக் காய்ந்த மணலில் வைப்பார்கள். 1810-ல் வந்த மரியா கிரஹாம், 1836-ல் வந்த ஜூலியா மெய்ட்லண்ட் போன்ற எழுதத் தெரிந்த அம்மாள்கள் தங்கள் சென்னை அனுபவங்களைப் புஸ்தகமாக எழுதி வைத்திருக்கிறார்கள். தூக்கியவன் எழுதவில்லை.

படகின் இரு பக்கமும் கட்டுமரங்கள் கூட வரும். யாராவது தவறி விழுந்தால் எடுப்பதற்கு. மசூலாவும் போக முடியாத நாட்களில் கட்டுமரம் மட்டும் போகும். இரண்டு மூன்று கட்டைகளைச் சேர்த்துக் கட்டியது. கவிழ்ந்தால் என்ன, நிமிர்ந்தால் என்ன? பாயால் முடைந்த கூர்மையான தொப்பிக்குள் கடிதங்களைச் செருகிக்கொண்டு அவன் கிளம்புவான். அலை அவனை அடித்து வீழ்த்தும். நீந்திப்போய்க் கட்டையைப் பிடித்து மறுபடி ஏறிக்கொள்வான். கடிதம் நனையாமல் கப்பல் போய்ச் சேரும். உயிரைக் காப்பாற்றிய கட்டுமரக்காரர்களுக்குச் சர்க்கார் மெடல் கொடுத்ததாகப் பழைய கெஜட்டியர் சொல்கிறது.

எங்கள் சேலம் ஜில்லாவுக்கும் இந்த அலைக்கும் உள்ள சம்பந்தத்தைச் சொல்லாமல் விடலாமா? 1780 ஜனவரியில் பதினெட்டு வயசுப் பையன் ஒருவன் சென்னையில் வந்து இறங்கினான். பெயர் தாமஸ் மன்றோ. இறங்கின கையோடு மரியாதைக்குரிய தோற்றமுள்ள ஒரு கிழவர் வேலைக்காரராக வந்து சேர்ந்தார். இந்தத் துணியெல்லாம் இந்த ஊருக்கு ஆகாது, மாற்றிக்கொடுக்கிறேன் என்று பெட்டியை வாங்கிக்கொண்டு போனார், போனவர் போனவர்தான். அலை விட்டு வைத்ததைக் கரை வாங்கிக்கொண்டது. 1792-ல் திப்பு சுல்தானிடமிருந்து பாரமஹாலும் சேலமும் கம்பெனிக்கு வந்தபோது, அலெக்ஸாண்டர் ரீடுக்கு உதவியாக இந்தப் பையன்தான் வந்து ஏழு வருஷம் எங்கள் நிலத்தை அளந்தான். ரயத்துவாரிக்கு அஸ்திவாரம் அங்கேதான். பிறகு கவர்னரானார், 1827-ல் காலரா கண்டு இறந்தார். சேணமும் அங்கவடியும் இல்லாத குதிரையின் மேல் அவர் உட்கார்ந்திருக்கும் வெண்கலச் சிலையைச் சென்னைக்குப் போனவர்கள் எல்லோரும் பார்த்திருப்பார்கள். லண்டனில் சாண்ட்ரி செய்த அந்தச் சிலை 1839-ல் இங்கே நிறுத்தப்பட்டது. சென்னையில் துறைமுகம் கட்டுவதற்கு முப்பது நாற்பது வருஷங்களுக்கு முந்திய காலம் அது! அத்தனை வெண்கலமும் அலையைத் தாண்டித்தான் வந்திருக்க வேண்டும். பையனாக வந்தபோதும் சிலையாக வந்தபோதும் அவரைக் கரை சேர்த்தது ஒரே சாதி ஜனங்கள்தான்.

மன்றோ மட்டுமல்ல. சேலத்தில் கம்பெனிக்கு ஒரு வர்த்தக ரெஸிடெண்ட் இருந்தார். நெசவாளிக்கு முன்பணம் கொடுத்துத் துணி வாங்குவது அவர் உத்தியோகம். சீமைக்குப் போகும் துணி மூட்டைக்குச் சென்னை வழி என்றால், கடைசி ஒரு மைல் தையல் படகில்தான். ஒரு மூட்டை கடலில் விழுந்தால் அதன் விலை கம்பெனிக் கணக்கில் ஏறும். ஒரு படகோட்டி விழுந்தால் எந்தக் கணக்கில் ஏறும் என்பதை நான் தேடிப் பார்த்த புஸ்தகங்களில் காணவில்லை.

படகோட்டிகளைப் பற்றிய புகாருக்கு மட்டும் பஞ்சமில்லை. நடு அலையில் படகை நிறுத்திக் கூலி உயர்த்திக் கேட்கிறார்கள், திருடுகிறார்கள், குடிக்கிறார்கள் என்று பிரயாணிகள் எழுதினார்கள். சர்க்கார் கூலிக்கு விகிதம் நிர்ணயித்தது. அலை பொங்கும் நாளில் கூலி கூடுதல் கேட்பது அநியாயம் என்று, கரையில் நாற்காலி போட்டு உட்கார்ந்தவருக்குத் தோன்றுவது இயற்கைதான். நான் கட்சி சொல்கிறேன் என்று நினைக்க வேண்டாம்; கொள்ளைக்காரத் தண்டேல்களும் இருந்திருப்பார்கள். ஆனால் ஒன்று. கொடியை ஏற்றியது உத்தியோகஸ்தர். கடலைப் படித்தது அவர் இல்லை. தெற்கேயிருந்து ஓடும் நீரோட்டத்துக்குத் ‘தெண்டி’ என்றும் வடக்கேயிருந்து ஓடுவதற்கு ‘வன்னி’ என்றும் பெயர் வைத்து, வாடை, கொண்டல், சோழகம், கச்சான் என்று காற்றைத் திசை பிரித்து, எந்தக் காற்றுக்கு எந்த நீர், எந்த நீருக்கு எந்த அலை என்று வாய்ப்பாடாக வைத்திருந்தவர்கள் குப்பத்து ஜனங்கள். அவர்கள் கொடியைப் பார்த்துத் தெரிந்துகொள்ள வேண்டிய அவசியம் இருக்கவில்லை.

விஞ்ஞானம் மெதுவாக வந்தது. 1792-ல் நுங்கம்பாக்கத்தில் வான ஆராய்ச்சிக்கூடம் கட்டினார்கள். 1796 முதல் காற்றழுத்தமும் வெப்பமும் ஒழுங்காகக் குறிக்கப்பட்டன. குறித்ததெல்லாம் கப்பலுக்கு எச்சரிக்கையாக மாற இன்னும் முக்கால் நூற்றாண்டு ஆயிற்று. 1864 அக்டோபரில் கல்கத்தாவையும், நவம்பரில் மசூலிப்பட்டணத்தையும் புயலும் கடலும் சேர்ந்து அழித்தன. பதினாயிரக்கணக்கில் ஜனங்கள் மாண்ட பிறகு புயல் எச்சரிக்கை ஏற்பாடு தொடங்கியது. 1875-ல் வானிலை இலாகா பிறந்தது. இதற்கு நடுவில் 1872 மே மாதம், யாரும் எதிர்பாராத கோடைப் புயல் ஒன்று சென்னை ரேவில் நின்ற கப்பல்களைக் கரையில் வாரி எறிந்தது. கொடிமரக் கணக்கில் மே மாதம் கிடையாதே!

அதே 1875-ன் டிசம்பரில் வேல்ஸ் இளவரசர் துறைமுகத்துக்கு அஸ்திவாரக் கல் வைத்தார். கடலுக்குள் இரண்டு கைகள் நீட்டிக் கட்டினார்கள். 1881 நவம்பரில், வேலை முடியும் தறுவாயில், புயல் வந்து இரண்டு கைகளையும் முறித்துப் போட்டது. மறுபடி கட்டினார்கள். இருபதாம் நூற்றாண்டின் ஆரம்பத்தில் சர் பிரான்சிஸ் ஸ்பிரிங் வாசலை வடகிழக்குக்குத் திருப்பி வைத்த பிறகுதான் உள்ளே நிம்மதியாகக் கப்பல் நின்றது. கப்பல் நின்றது, மசூலாவின் பெரிய பிழைப்பும் அதோடு நின்றது. ராயப்பர் என்றால் பேதுரு, மீன்பிடித்த பேதுரு. அவர் பெயரில் அமைந்த ராயபுரத்தில் தண்டேல்களின் பிள்ளைகள் வேறு வேலை தேடினார்கள்.

கடல் அதற்கும் ஒரு கணக்கு வைத்திருந்தது. இந்தக் கரையில் மணல் வருஷம் முழுவதும் அலையோடு நகர்ந்து, கூட்டிக் கழித்துப் பார்த்தால் தெற்கிலிருந்து வடக்கே போகிறது. துறைமுகச் சுவர் குறுக்கே நின்றதும் தெற்கே மணல் குவிந்தது. கிராண்ட் டஃப் கவர்னர் 1880-களில் உலாவும் சாலை போட்டு ‘மெரினா’ என்று பெயர் வைத்த கடற்கரை அகலமாகிக்கொண்டே போனதற்குக் காரணம் அதுதான். வடக்கே, மணல் வரவு நின்று, ராயபுரம் பக்கத்துக் கரையைக் கடல் தின்றது. படகோட்டியின் தொழிலை எடுத்துக்கொண்ட சுவரே அவன் வாசலையும் எடுத்துக்கொண்டது. இன்று அங்கே கருங்கல்லைக் கொட்டி வைத்திருக்கிறார்கள்.

இதையெல்லாம் நான் தேடிப் படிக்கும்படி ஆனது என் அக்காள் பேரனால். திருச்செங்கோட்டுப் பையன், கிணற்றில் நீச்சல் கற்றவன், சென்னையில் கம்ப்யூட்டர் உத்தியோகம். ‘தாத்தா, அலைச் சறுக்குக் கத்துக்கப் போறனுங்க, வர்றீங்களா?’ என்றான். கோவளத்துக்குப் போனோம். சென்னைக்குத் தெற்கே நாற்பது கிலோமீட்டர். ஆற்காட்டு நவாபின் கோட்டை இருந்த ஊர். 1752-ல் கிளைவ் பிடித்துக்கொண்டான். இப்போது அங்கே மீனவக் குப்பத்து வாலிபர்களே பலகையில் நின்று அலை சவாரி செய்யக் கற்றுக்கொடுக்கிறார்கள். 2013 முதல் விழாவும் போட்டிகளும் நடந்திருக்கின்றன. புதிதாகக் கற்பவருக்கு ஏற்ற கரை என்று பெயர் வாங்கியிருக்கிறது. பாறை முனை ஒன்று அலையைக் கொஞ்சம் மட்டுப்படுத்துகிறது, அடியில் மணல்.

பேரன் கைபேசியில் எல்லாம் வைத்திருந்தான். ஐதராபாத்தில் 1999-ல் தொடங்கிய கடல் தகவல் நிலையம் தினமும் அலையின் உயரம், வரும் திசை, அலைக்கும் அலைக்கும் இடைவெளி இத்தனை விநாடி என்று முன்கூட்டியே சொல்கிறது. தூரத்துப் புயலில் பிறந்து, காற்றில்லாத நாளில் திருடன்போல் வந்து கரையேறும் வெள்ளத்துக்குக் கேரள மீனவர்கள் வைத்த பெயர் கள்ளக்கடல். 2012-ல் யுனெஸ்கோவும் அந்தப் பெயரையே ஏற்றுக்கொண்டது. எனக்கு இது பரம திருப்தி. குப்பத்து வார்த்தை ஒன்றாவது சர்க்கார் காகிதத்தில் ஏறியதே!

பேரன் படித்துக் காட்டினான்: அலை முக்கால் மீட்டர், தெற்கிலிருந்து, பத்து விநாடி, நல்ல நாள். கற்றுக்கொடுக்கும் வாலிபர் தலையை ஆட்டிவிட்டுக் கடல் பக்கம் திரும்பி நின்றார். காலை ஆறரை மணி. கரைக்காற்று மேற்கிலிருந்து அலைமுகத்தைத் தாங்கிப் பிடித்துக்கொண்டிருந்தது. முறிகிற அலை அவசரமில்லாமல் முறிந்தது.

“இப்போ நல்லா இருக்கு தம்பி. பதினொரு மணிக்கு மேல கடக்காத்து ஏறிடும், அலை கலைஞ்சு போயிடும். அதுக்குள்ள கத்துக்கலாம்” என்றார். பிறகு, பாறைக்கு இப்பால் அலை முறியாமல் வழவழவென்று தெரிந்த ஓர் இடத்தைக் காட்டினார். “அங்க அமைதியா இருக்கேன்னு போயிடாதீங்க. உள்ள இழுக்கற தண்ணி அது. மாட்டிக்கிட்டா எதிர்த்து நீந்தக்கூடாது. பக்கவாட்டுல வெளிய வந்துடணும்.”

பேரன் கைபேசியைப் பார்த்தான். அதில் அந்த இடம் இல்லை.

“ஐப்பசியில வந்தா சொல்லித் தருவீங்களா?” என்று நான் கேட்டேன்.

“வேணாங்க ஐயா” என்றார் சிரித்துக்கொண்டே. “தை பிறந்தப்புறம் வாங்க.”

பலகையைத் தலையில் வைத்துக்கொண்டு இருவரும் தண்ணீருக்கு நடந்தார்கள். நான் செருப்பைக் கழற்றி வைத்துவிட்டு, கவிழ்த்துப் போட்டிருந்த ஒரு படகின் நிழலில் உட்கார்ந்தேன். கண்ணாடி நாரில் வார்த்த படகு அது. ஒரு தையலும் இல்லை.